விவசாய ஆராய்ச்சி பேப்பர், பீர் ரெவ்யூ, பப்ளிகேஷன் நேர்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபீல்டு ட்ரையல் முடிச்சிட்டு முதல் பேப்பர் எழுத உக்கார்றவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல சேர்த்து வச்சிருக்கேன். நான் பயிர் சாகுபடி பக்கம், அதனால உதாரணம் எல்லாம் பெரும்பாலும் பயிர் பக்கமே இருக்கும், கால்நடை மீன்வளம் ஆளுங்க கோச்சுக்க வேணாம்.

பீர் ரெவ்யூன்னா உள்ள என்ன தான் நடக்குது?

நீங்க சப்மிட் பண்ணதும் முதல்ல எடிட்டர் பாப்பாரு. ஜர்னலுக்கு சம்பந்தம் இல்லாத விஷயம், இல்ல படிச்சாலே புரியாத அளவுக்கு எழுத்துன்னா ரெவ்யூவர் கைக்கே போகாம அங்கேயே திருப்பி அனுப்பிடுவாங்க, அது தான் டெஸ்க் ரிஜெக்ட். அதைத் தாண்டினா ரெண்டு மூணு ரெவ்யூவர் கிட்ட போகும், அவங்க கமெண்ட் எழுதுவாங்க, அதை வச்சு எடிட்டர் மைனர் ரிவிஷன், மேஜர் ரிவிஷன், ரிஜெக்ட்னு ஏதாவது ஒண்ணு சொல்லுவாரு. முடிவு எடிட்டரோடது, ரெவ்யூவரோடது இல்ல, இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

ஜர்னல்ங்கிற விஷயம் 1665லயே ஆரம்பிச்சிருச்சு. ஆனா வெளி ஆள் படிச்சு பாத்து தான் போடணும்ங்கிற கட்டாயம் ரொம்ப பின்னாடி வந்தது, நேச்சர் ஜர்னலே 1973ல தான் அதை முறையா கொண்டு வந்துச்சு. ரெவ்யூவருக்கு பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தன் வேலையெல்லாம் முடிச்சிட்டு ராத்திரி சில மணி நேரம் உங்க பேப்பரோட உக்கார்றாரு, அவ்வளவு தான்.

இதுல ஒண்ணை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோங்க: ரெவ்யூவர் உங்க வயலுக்கு வர மாட்டாரு. நீங்க எழுதினது மட்டும் தான் அவரு கண்ணுக்கு தெரியும். கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் இதுல இருந்தே வந்துரும்.

ரெவ்யூ ஆகி வந்த பேப்பர்னா நம்பிடலாமா?

நம்பலாம், ஆனா கண்ணை மூடிக்கிட்டு இல்ல. எழுதினதுக்குள்ள முரண்பாடு இருந்தா ரெவ்யூ பிடிக்கும். எழுதாம விட்டதையும், உக்காந்து ஜோடிச்ச டேட்டாவையும் பிடிக்கிறது ரொம்ப கஷ்டம்.

நெல்லுல ஒத்தை நாத்து நடவு முறை தெரியும்ல, அதுல மடகாஸ்கர்ல ஹெக்டேருக்கு 21 டன் வரைக்கும் மகசூல்னு ஒரு கணக்கு சுத்திக்கிட்டு இருந்துச்சு. 2004ல ஃபீல்டு கிராப்ஸ் ரிசர்ச் ஜர்னல்ல சில பேர், சூரிய வெளிச்சத்தையும் பயிரோட திறனையும் வச்சு பாத்தா இது நடக்கவே வாய்ப்பு இல்லன்னு எழுதினாங்க, இன்னொரு கட்டுரை ஒரு படி மேல போய் இந்த மாதிரி மகசூலை பறக்கும் தட்டோட ஒப்பிட்டே தலைப்பு வச்சுச்சு. அந்தப் பக்கம் ஆளுங்க சும்மா இருப்பாங்களா, நீங்க பண்ண ட்ரையல்ல எங்க முறையை சரியாவே கடைபிடிக்கலன்னு பதில் கொடுத்தாங்க. நடவு முறை நல்லதா கெட்டதாங்கிறது வேற பேச்சு. மகசூலை எப்படி அளந்தாங்கன்னு முழுசா எழுதி வைக்கலன்னா, சண்டை வந்தப்புறம் எந்த ரெவ்யூவராலயும் தீர்த்து வைக்க முடியாது, நான் அதுக்காகத்தான் இதை சொன்னேன்.

விவசாய பேப்பர்ல ரெவ்யூவர் முதல்ல எதைத் தேடுவாரு?

நான் முதல்ல தேடுறது ரெப்ளிகேஷன், அதாவது ஒரே உரத்தையோ முறையையோ எத்தனை தனித்தனி ப்ளாட்ல (ட்ரையலுக்குன்னு பிரிச்ச சின்ன வயல் துண்டு) திரும்ப போட்டு பாத்தீங்கங்கிறது. ஒரு ப்ளாட்ல பத்து செடி அளந்துட்டு பத்து ரெப்ளிகேஷன்னு போட்டு வர்ற பேப்பர் இன்னைக்கும் வருது. உரத்தை ப்ளாட்டுக்கு போட்டீங்கன்னா ப்ளாட் தான் ஒரு யூனிட், அதுக்குள்ள இருக்குற பத்து செடியும் ஒரே யூனிட்டோட பத்து அளவு தான். இதை ஹர்ல்பர்ட்னு ஒருத்தர் 1984லயே சூடோ ரெப்ளிகேஷன்னு பேரு வச்சு சூழலியல் ஆளுங்களை வெளுத்து வாங்கிட்டாரு, இருந்தும் நம்ம பக்கம் விட்டபாடில்ல. ஒரு க்ரோத் சேம்பர்ல ஒரு வெப்பநிலை இன்னொண்ணுல இன்னொரு வெப்பநிலை வச்சு உள்ள நாப்பது தொட்டி அடுக்கினாலும் ரெப்ளிகேஷன் ஒண்ணு தான், தொட்டி எண்ணிக்கையை பாத்து ஏமாறக் கூடாது.

அப்புறம் மகசூல் கணக்கு. எத்தனை சதுர மீட்டர்ல அறுத்தீங்க, ஓரத்து வரிசையை விட்டீங்களா (ஓரத்து செடிக்கு வெளிச்சமும் சத்தும் கூட கிடைக்கும், அதை சேர்த்துட்டா மகசூல் ஏறும்), தானியத்தோட ஈரப்பதம் எத்தனை. நெல்லுன்னா 14 சதவீத ஈரத்துக்கு கணக்கை மாத்தி சொல்றது வழக்கம். 20 சதவீத ஈரத்தோட எடை போட்டதையும் 14ல போட்டதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா தண்ணியைத்தான் ஒப்பிடுறீங்க. ஒரு சதுர மீட்டர்ல அறுத்து பத்தாயிரத்தால பெருக்கி ஹெக்டேர் கணக்கு சொன்னா உங்க தராசோட சின்ன தப்பும் பத்தாயிரத்தால பெருகிடும்.

அடுத்தது சீசன். நிறைய அக்ரானமி ஜர்னல் குறைஞ்சது ரெண்டு வருஷமோ ரெண்டு இடமோ கேக்கும், ஏன்னா ஒரு வருஷ மழை எதையும் ஜெயிக்க வைக்கும், எதையும் தோக்க வைக்கும். மண் வகை, மழை அளவு, ரகத்தோட பேரு, விதை எங்க வாங்கினது, இதெல்லாம் இல்லாம வர்ற பேப்பரை படிக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்துரும், இன்னொருத்தர் அதே ட்ரையலை எப்படி திரும்ப போடுவாரு?

ஒரு ப்ளாட் டேட்டா மட்டும் ஒத்து வரல. தூக்கிடலாமா?

ஏன் ஒத்து வரலன்னு ஃபீல்டு நோட்ல அன்னைக்கே எழுதி இருக்கா? அதை முதல்ல சொல்லுங்க. தண்ணி தேங்குச்சு, எலி வெட்டிருச்சு, ஆள் தெரியாம ரெண்டு தடவை உரம் போட்டுட்டாருன்னு அந்தந்த தேதியில குறிப்பு இருந்தா அந்த ப்ளாட்டை விடலாம், விட்டதையும் காரணத்தையும் பேப்பர்ல சொல்லிடணும். பி வேல்யூ 0.07 வந்ததுக்கு (0.05க்கு கீழ வந்தா தான் வித்தியாசம் சிக்னிஃபிகன்ட், அதாவது தற்செயல் இல்லன்னு வழக்கமா எடுத்துப்பாங்க) அப்புறம் நோட்டை புரட்டி காரணம் தேடுனீங்கன்னா அது டேட்டாவை திருத்துற வேலை தான், பேரை எப்படி மாத்தி சொன்னாலும்.

எனக்கே நடந்துச்சு. ஆரம்ப காலத்துல ஒரு ட்ரையல்ல மூணாவது ப்ளாக்ல (ப்ளாட்டுகளோட ஒரு தொகுதி) கன்ட்ரோல் ப்ளாட், அதாவது ஒப்பிட்டு பாக்க சோதிக்கிற விஷயத்தை போடாம விட்ட ப்ளாட், என் ட்ரீட்மென்ட்டை விட நல்லா வந்து நின்னுச்சு, ரெண்டு நாள் அதை எப்படி தூக்கலாம்னு தான் யோசிச்சேன், நோட்ல ஒரு வரி கூட இல்ல. அப்படியே வச்சேன், சிக்னிஃபிகன்ஸ் போச்சு, ஜர்னலும் ஒரு படி கீழ இறங்கிச்சு. அடுத்த சீசன்ல மண்ணை எடுத்து பாத்தா அந்த மூலையில மட்டும் பழைய எருக்குழி இருந்த இடமாம்.

டேட்டாவை வச்சு எது சிக்னிஃபிகன்ட்டா வருதோ அது வரைக்கும் தோண்டிக்கிட்டே இருக்கறதும் இதே வகை தான். கார்னெல் பல்கலைக்கழகத்துல உணவுப் பழக்க ஆராய்ச்சியில பெரிய பேரு எடுத்தவர் பிரையன் வான்சிங்க். 2016ல அவரே, ஒரு பஃபே கடையில எடுத்த, எதுவும் தேறாத டேட்டாவை ஒரு மாணவி கிட்ட கொடுத்து தோண்டி பேப்பராக்கினதை பெருமையா எழுதினாரு. படிச்சவங்க அந்த பேப்பர்களை எடுத்து கணக்கு போட்டு பாக்க ஆரம்பிச்சாங்க, 2018 செப்டம்பர்ல ஜாமா குழும மருத்துவ ஜர்னல்கள் ஒரே நேரத்துல அவரோட ஆறு பேப்பரை வாபஸ் வாங்குச்சு.

ஜோடிச்ச டேட்டா வேற மாதிரி காட்டிக் கொடுக்கும். வயல்னா ஏறும் இறங்கும், எல்லா ப்ளாக்லயும் மகசூல் ஒண்ணு போலவே இருந்து வேறுபாட்டு குணகம் (சராசரியோட ஒப்பிட்டா அளவுகள் எவ்வளவு சிதறியிருக்குங்கிறது) 2 சதவீதம்னு வந்தா எனக்கு பயமா இருக்கும். 1936லயே புள்ளியியல் மேதை ஃபிஷர், மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டலோட பட்டாணி எண்ணிக்கை எல்லாம் எதிர்பாத்த விகிதத்துக்கு ரொம்பவே பக்கத்துல இருக்குன்னு கணக்கு போட்டு காட்டினாரு. மெண்டல் ஏமாத்தினாரா, உதவியாளர் வேலையா, இல்ல ஃபிஷர் கணக்கு தான் கடுமையா இருந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டு இருக்காங்க.

ஆத்தர் லிஸ்ட்ல யாரைப் போடணும்? துறைத்தலைவர் பேரை போடலன்னா கையெழுத்து போட மாட்டாராம்.

மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் குழு வச்ச நாலு நிபந்தனையை இப்ப விவசாய ஜர்னல்களும் நிறைய எடுத்துக்கிட்டாங்க. வேலையை வடிவமைக்கிறதுலயோ டேட்டா எடுக்கிறதுலயோ அலசுறதுலயோ கணிசமா பங்கு இருக்கணும், பேப்பரை எழுதியிருக்கணும் இல்ல அறிவுபூர்வமா திருத்தியிருக்கணும், கடைசி வடிவத்தை ஒத்துக்கிட்டிருக்கணும், நாளைக்கு கேள்வி வந்தா பொறுப்பு ஏத்துக்கணும். நாலும் வேணும். நிலம் ஒதுக்கி கொடுத்ததும் பணம் வாங்கி கொடுத்ததும் மட்டும் போதாது, அவங்களுக்கு நன்றி பகுதி இருக்கு.

நடைமுறையில நீங்க தனி ஆளா நின்னு தலைவரை எதிர்த்து எல்லாம் ஜெயிக்க முடியாதுன்னு எனக்கு தெரியும், வீராவேசமா அட்வைஸ் பண்ண மாட்டேன். ஆனா ஒரு வழி இருக்கு. நிறைய ஜர்னல் இப்ப யார் என்ன பண்ணாங்கன்னு தனித்தனியா எழுத சொல்லுது, மொத்தம் 14 வகை வேலை அந்த பட்டியல்ல இருக்கு. அதை நிரப்பி எல்லாருக்கும் மெயில்ல அனுப்பி, சார் உங்க பங்களிப்புக்கு நேரா எதை போடட்டும்னு மரியாதையா கேளுங்க. சில பேரு அப்பவே ஒதுங்கிடுவாங்க. ட்ரையல் போடறதுக்கு முன்னாடியே ஆத்தர் வரிசையை பேசி எழுதி வச்சுட்டா இன்னும் நல்லது, அறுவடைக்கு அப்புறம் பேசினா சொத்து தகராறு மாதிரி ஆயிடும்.

இதுக்கு நேர் எதிர் பிரச்னை, எழுதினவர் பேரே வராம போறது. வயல்ல மூணு வருஷம் பூச்சி எண்ணி, எண்ணுற முறையையே மாத்தி கொடுத்த டெக்னீஷியன் பேரை விடறாங்களே, அது எனக்கு கெஸ்ட் ஆத்தரை (வேலை பாக்காம பேரு மட்டும் வாங்கினவர்) விட பெரிய குத்தமா தோணுது. கம்பெனி ஆள் எழுதி புரொஃபசர் பேர்ல வர்றதும் உண்டு. கிளைஃபோசேட் களைக்கொல்லி பாதுகாப்பானதுன்னு 2000ல வந்த ஒரு ரெவ்யூ பேப்பர் எழுத்துல அதை தயாரிச்ச மான்சான்டோ கம்பெனி ஆளுங்க பங்கு இருந்ததுன்னு 2017ல கோர்ட் வழியா வெளிய வந்த மெயில்களை வச்சு பெரிய சர்ச்சை கிளம்புச்சு. அந்த பேப்பரை அதுக்குள்ள எத்தனையோ பேர் மேற்கோள் காட்டி முடிச்சிருந்தாங்க.

உர கம்பெனி இலவசமா ப்ராடக்ட் கொடுத்துச்சு, பணம் வாங்கல. அதையும் சொல்லணுமா?

சொல்லணும். ப்ராடக்ட், பயணச் செலவு, கம்பெனியில வேலை பாக்குற மனைவி, எல்லாமே. சொன்னா பேப்பர் ரிஜெக்ட் ஆகாது, மறைச்சு பின்னாடி தெரிஞ்சா தான் சிக்கல். பணத்தை விட ஒப்பந்தத்தை ஒரு தடவை படிச்சு பாருங்க, ரிசல்ட்டை வெளியிட கம்பெனி அனுமதி வேணும்னு ஒரு வரி அதுல ஒளிஞ்சிருக்கும். 2009ல அமெரிக்காவுல மக்காச்சோள பூச்சி ஆராய்ச்சி பண்ற 26 விஞ்ஞானிகள், விதை கம்பெனி ஒப்பந்தங்களால மரபணு மாற்றின பயிர்கள்ல சுதந்திரமா ஆராய்ச்சி பண்ண முடியலன்னு அரசோட சுற்றுச்சூழல் அமைப்புக்கே எழுதி கொடுத்தாங்க. கம்பெனியை பகைச்சுக்க பயந்து பேரை வெளிய விடல.

விவசாயிகள் கிட்ட சர்வே தான் எடுத்தேன். எதிக்ஸ் கமிட்டி எதுக்கு?

ஆளுங்க கிட்ட கடன் எவ்வளவு, மருந்து எவ்வளவு அடிக்கிறீங்கன்னு கேக்குறீங்கல்ல, அதுக்குத்தான். சர்வே முடிச்சப்புறம் பின்தேதி போட்டு அனுமதி வாங்க முடியாது.

இதுல மறக்கக் கூடாத கதை கோல்டன் ரைஸ். வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றின அந்த அரிசியை 2008ல சீனாவுல ஹுனான் மாகாணத்துல பள்ளிக் குழந்தைகளுக்கு கொடுத்து சோதிச்சு, 2012ல பேப்பர் வந்துச்சு, ரிசல்ட்டும் நல்லா தான் இருந்துச்சு. ஆனா அது மரபணு மாற்றின அரிசின்னு பெற்றோர் கிட்ட தெளிவா சொல்லலன்னு விசாரணையில வந்துச்சு, ஒப்புதல், கமிட்டி அனுமதிக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு 2015ல ஜர்னல் பேப்பரை வாபஸ் வாங்கிருச்சு. டேட்டா பொய்ன்னு யாரும் சொல்லல. அனுமதி சரியில்லாததால ஒரு நல்ல டேட்டாவே போச்சு.

நாட்டு ரக விதையோ மண்ணுல இருந்து எடுத்த நுண்ணுயிரோ இன்னொரு நாட்டுக்கு அனுப்பறதா இருந்தா உயிர் வளத்தை எடுக்க அனுமதி, பலனை பகிர்ந்துக்கறது பத்தின நகோயா ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 2014ல இருந்து அமல்ல இருக்கு, அதையும் பாத்துக்கோங்க.

ஒரு தீசிஸ்ல இருந்து எத்தனை பேப்பர் போடலாம்?

எத்தனை தனி கேள்விக்கு பதில் இருக்கோ அத்தனை. ஒரே ட்ரையல்ல செடி உயரம் ஒரு பேப்பர், கிளை எண்ணிக்கை ஒரு பேப்பர், மகசூல் ஒரு பேப்பர்னு துண்டு போட்டா படிக்கிறவனுக்கு மூணு ட்ரையல் நடந்த மாதிரி தோணும். அப்புறம் யாராவது எல்லா பேப்பரையும் சேர்த்து மெட்டா அனாலிசிஸ் போடும்போது உங்க ஒரே வயல் மூணு தடவை எண்ணிக்கையில ஏறும். பிரிச்சே ஆகணும்னா, இதே ட்ரையல்ல இருந்து இன்னொரு பேப்பர் வந்திருக்குன்னு உள்ள எழுதிடுங்க.

ஒரே நேரத்துல ரெண்டு ஜர்னலுக்கு அனுப்பலாமா?

கூடாது. லேட் ஆகுதுன்னா எடிட்டருக்கு மெயில் போடுங்க, பதில் இல்லன்னா முறையா வாபஸ் வாங்கிட்டு அடுத்த இடம் பாருங்க.

சிமிலாரிட்டி (மத்த எழுத்தோட வார்த்தை ஒத்துப் போற அளவு) எத்தனை சதவீதத்துக்குள்ள இருந்தா பாஸ்?

உலகம் பூரா ஒத்துக்கிட்ட நம்பர் ஒண்ணும் கிடையாது. மண் பரிசோதனை முறையை எழுதும்போது வார்த்தை ஒத்துப் போகத்தான் செய்யும், அதுல 25 சதவீதம் வந்தாலும் எடிட்டர் கண்டுக்க மாட்டாரு. டிஸ்கஷன்ல அடுத்தவன் பத்தி ஒண்ணை அப்படியே எடுத்து வச்சிருந்தா 6 சதவீதமே திருட்டு தான்.

நம்பரை குறைக்கிறதுக்காக சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தையை மாத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். செயற்கை நுண்ணறிவுங்கிறதை "கள்ள உணர்வு"ன்னு சொல்ற மாதிரி ஆங்கிலத்துல மாத்தி எழுதின பேப்பர் எல்லாம் வந்திருக்கு, 2021ல கியோம் கபனாக்ங்கிற கணினி ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் இந்த மாதிரி சித்திரவதை பண்ண சொற்களை தேடி பிடிக்கவே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. "வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பி"ன்னு ஒரு சொல் கூட இருக்கு. பேரை கேட்டா நம்ம தாவர ஆளுங்க கருவி மாதிரி இருக்கும், அப்படி ஒரு கருவியே கிடையாது. 1950கள்ல வந்த பேப்பரை ஸ்கேன் பண்ணும்போது பக்கத்து பக்கத்து பத்தியில இருந்த வார்த்தை ஒட்டிக்கிட்டது, இன்னைக்கு பல பேப்பர்ல ஜம்முனு உக்காந்திருக்கு, ரெவ்யூவும் தாண்டி வந்திருக்கு.

காசு கட்டினா ஒரு வாரத்துல போட்டுடறேன்னு மெயில் வருது. எப்படி நம்பறது?

காசு கேக்குறதே தப்புன்னு இல்ல, நல்ல ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமா படிக்கலாம்) ஜர்னலும் காசு வாங்கும். ரெவ்யூ நடக்குதா இல்லையாங்கிறது தான் கேள்வி. நெல் வயல்ல மீத்தேன் பத்தி எழுதினவருக்கு பல் மருத்துவ ஜர்னல்ல இருந்து "மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களே"ன்னு மெயில் வந்தா சிரிச்சிட்டு டெலிட் பண்ணுங்க.

2013ல ஜான் போஹனன்னு ஒரு பத்திரிகையாளர் படிச்சதுமே தப்பு தெரியற ஒரு போலி பேப்பரை 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்கு அனுப்பினாரு, 157 ஜர்னல் ஏத்துக்கிச்சு. இந்த மாதிரி ஜர்னல்களுக்கு பிரிடேட்டரின்னு (காசுக்காக ஆளை வேட்டையாடுறது) பேரு வச்ச ஜெஃப்ரி பீலோட பட்டியல் 2017 ஜனவரியில காணாம போச்சு, அதுக்கு அப்புறம் ஒரே பட்டியலை நம்பி இருக்கறது நடக்காது. பெரிய கம்பெனி பேரும் காப்பாத்தாது. வைலி வாங்கின ஹிந்தாவி ஜர்னல்கள்ல 2023ல மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல பேப்பர் வாபஸ் ஆச்சு, பெரும்பாலும் வெளி ஆளை கெஸ்ட் எடிட்டரா வச்சு நடத்தின ஸ்பெஷல் இஷ்யூல புகுந்ததுங்க.

நான் பண்றது ரொம்ப சாதாரணம். அந்த ஜர்னல்ல என் துறையில வந்த மூணு பேப்பரை எடுத்து மெத்தட்ஸ் பகுதியை படிப்பேன். ப்ளாட் சைஸ் இல்லாம, ரெப்ளிகேஷன் இல்லாம ஓடியிருந்தா, அங்க ரெவ்யூவரே இல்லன்னு அர்த்தம். எடிட்டோரியல் போர்டுல இருக்குற ஒருத்தருக்கு மெயில் போட்டு கேட்டா, என் பேரு அதுல இருக்கறதே எனக்கு தெரியாதுன்னு சொன்ன கதையும் உண்டு.

ரெவ்யூவர் பேரு சஜஸ்ட் பண்ண சொல்றாங்க. நண்பர் பேரு கொடுக்கலாமா?

கூட பேப்பர் எழுதினவர், கைடு, அதே டிபார்ட்மென்ட் ஆள், யாரும் வேணாம். உங்க பேப்பரை திட்டக் கூடிய அளவுக்கு விஷயம் தெரிஞ்ச, உங்களை தெரியாத ஆளை கொடுங்க, அவரோட நிறுவன மெயிலோட. தென் கொரியாவுல மருத்துவ தாவர ஆராய்ச்சியாளர் ஒருத்தர் சஜஸ்ட் பண்ண ரெவ்யூவர் மெயில் எல்லாம் அவருக்கே வந்து சேர்ற மாதிரி வச்சு தன் பேப்பரை தானே ரெவ்யூ பண்ணிக்கிட்டாரு. மாட்டினது எப்படி தெரியுமா, ரெவ்யூ எல்லாம் 24 மணி நேரத்துக்குள்ள வந்துருச்சு. எந்த ரெவ்யூவரும் அவ்வளவு வேகமா பதில் போட மாட்டான்னு எடிட்டருக்கு சந்தேகம் வந்து, 2012ல 28 பேப்பர் வரைக்கும் வாபஸ் ஆச்சு.

ரெவ்யூவர் அவரோட அஞ்சு பேப்பரை சைட் பண்ண (மேற்கோள் காட்ட) சொல்றாரு. பண்ணலன்னா ரிஜெக்ட் ஆயிடுமா?

சம்பந்தம் இருக்கறதை பண்ணுங்க, மத்ததுக்கு ஏன் பொருந்தலன்னு ஒரு வரி பதில் எழுதி, எடிட்டருக்கு தனியா ஒரு குறிப்பு வைங்க. ரெவ்யூவர் பேரு மறைஞ்சிருந்தாலும் அஞ்சு பேப்பர்லயும் ஒரே ஆள் இருந்தா எடிட்டருக்கு புரிஞ்சிடும்.

ஏஐ வச்சு எழுதலாமா?

மொழி திருத்த பயன்படுத்தினா பயன்படுத்தினேன்னு சொல்லிடுங்க, ஜர்னலோட விதியையும் பாத்துக்கோங்க. ஆத்தரா போடக் கூடாது, பொறுப்பு ஏத்துக்க அதால முடியாதுன்னு பப்ளிகேஷன் நேர்மைக்கு வழிகாட்டுற கோப் அமைப்பு 2023லயே சொல்லிடுச்சு. ரெஃபரன்ஸ் ஒவ்வொண்ணையும் கையால திறந்து பாருங்க, இல்லாத பேப்பரை அழகா வால்யூம் பக்கம் எல்லாம் போட்டு கொடுக்கும்.

நானே இப்ப ரெவ்யூவர். எதுல கவனமா இருக்கணும்?

கைக்கு வந்த பேப்பர் உங்க சொத்து இல்ல. அதுல இருக்குற ஐடியாவை எடுத்து அடுத்த சீசன் ட்ரையல் போடறதும், அதை ஏஐ டூல்ல ஏத்தி கமெண்ட் வாங்கறதும் நம்பிக்கை துரோகம் தான். நீங்களும் அதே நோய்க்கு எதிர்ப்பு ரகம் உருவாக்கிக்கிட்டு இருந்தா முதல் நாளே எடிட்டர் கிட்ட சொல்லி விலகிடுங்க, வச்சுக்கிட்டு நாலு மாசம் இழுக்கறது ரொம்ப கேவலம். நேரம் இல்லன்னா அன்னைக்கே முடியாதுன்னு சொல்லுங்க, எடிட்டர் அதுக்கு நன்றி தான் சொல்லுவாரு. மொழி சரியில்லன்னு ஒரே வரியில ரிஜெக்ட் எழுதாதீங்க, ஆங்கிலம் தடுமாறுற பேப்பர்ல பிரமாதமான வயல் வேலை இருந்து நான் பாத்திருக்கேன்.

வெளிவந்த என் பேப்பர்ல தப்பு இருக்குன்னு இப்ப தான் பாத்தேன். ரிட்ராக்ட் (வாபஸ்) ஆயிடுமா?

நேர்மையான தப்பு, முடிவு மாறலன்னா கரெக்ஷன் போதும். முடிவையே நம்ப முடியாதுன்னு ஆனா தான் ரிட்ராக்ஷன், அதுவும் திருட்டுன்னு அர்த்தம் இல்ல. 2012ல செராலினி குழு மரபணு மாற்றின மக்காச்சோளம் தின்ன எலிக்கு கட்டி வருதுன்னு போட்ட பேப்பரை ஜர்னல் 2013ல வாபஸ் வாங்கினப்ப, மோசடி எதுவும் பாக்கல, ஆனா ஒரு குழுவுக்கு பத்து எலியும் வயசானா தானாவே கட்டி வர்ற எலி இனமும் வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாதுன்னு எடிட்டர் சொன்னாரு. முடிவுக்கு வர முடியலங்கிறது வாபஸுக்கு போதுமான காரணமான்னு, அந்த ரிசல்ட்டை நம்பாத ஆளுங்களுக்குள்ளயே சண்டை வந்துச்சு. என்னை கேட்டா அது ரெவ்யூவுலயே நின்னிருக்க வேண்டிய பேப்பர்.

என் பேப்பர் ஒண்ணுல பாஸ்பரஸ் அளவு ஹெக்டேருக்கு 60 கிலோன்னு போட்டிருந்தேன். உண்மையில அது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு, பாஸ்பரஸா மாத்தினா கிட்டத்தட்ட 26 கிலோ தான் வரும். நாலு ஆத்தர், ரெண்டு ரெவ்யூவர், ஒரு எடிட்டர், யார் கண்ணுலயும் படல, படிச்ச ஒரு மாணவர் மெயில் போட்டு கேட்டாரு. கரெக்ஷன் ரெண்டே வரி, ஆனா அது வெளிய வர ஆறு மாசம் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு பேரு தப்பான நம்பரோட சைட் பண்ணிட்டாங்க. அவங்களுக்கும் நானே மெயில் போட்டேன், ஒருத்தர் மட்டும் பதில் போட்டாரு.